ஒரு ரிப்போர்ட்டும் ஒரு சம்பந்தமும்

எங்க ஊரு ஆத்தங்குடி. பேரைச் சொன்னாலே "ஓ, டைல்ஸா!"ம்பாங்க. ஆமாங்க, அதேதான். எங்க பெரியப்பா மகனுக்கும் அந்த வேலைதான். கண்ணாடி மேல அச்சை வச்சு, கலரை ஊத்தி, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கணும். நாள் பூரா குனிஞ்ச முதுகு. அதனால 24 வயசுல அண்ணன் "இடுப்பு வலிக்குதுடா"ன்னப்போ யாரும் கண்டுக்கல.

ஆனா நடமாடினா வலி குறையும், படுத்தா கூடும். விடிகாலைல வலியே எழுப்பி விட்டுரும். எந்திரிச்சு ஒரு மணி நேரம் முதுகு விறைச்சே கிடக்கும். உழைச்ச வலின்னா ஓய்வெடுத்தா அடங்கணும்ல? அப்பவே நாங்க முழிச்சிருக்கணும். நாலு வருஷம் கழிச்சுத்தான் நோயோட பேர் தெரிஞ்சது: அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பு மூட்டுகள்ல வர்ற அழற்சி. ரத்தத்துல எச்.எல்.ஏ.-பி27 ஜீன் பாசிட்டிவ்.

மாத்திரை, உடற்பயிற்சின்னு அண்ணன் இப்ப பரவாயில்ல. மேட்டர் அது இல்ல. சேதி கசிஞ்சு, தங்கச்சியைப் பொண்ணு கேட்டு வந்தவங்க "அதுக்கும் டெஸ்ட் எடுத்துருங்களேன்"னாங்க. எடுத்தோம். பாசிட்டிவ். அவளுக்கு ஒரு வலியும் கிடையாது. சம்பந்தம் போச்சு.

வயிறு எரிஞ்சு தேடித் தேடிப் படிச்சேன்.

பி27க்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1973ல லண்டன்லயும் லாஸ் ஏஞ்சல்ஸ்லயும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகள்ல சுமார் 90 சதவீதம் பேருக்கு இந்த ஜீன் உண்டு. இதைத்தான் நம்மாளுங்க தலைகீழாப் படிக்கிறாங்க. ஜீன் இருக்கறவங்கள்ல நோய் வர்றது நூத்துக்குச் சில பேருக்குத்தான். கனடாவுல ஹைடா பழங்குடிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு பி27 உண்டு. அதுக்காகப் பாதி ஊரா முதுகு வளைஞ்சு கிடக்கு?

இந்த ஜீன்லயே வகைகள் வேற. ஐரோப்பாவோட 27:05, சீனாவோட 27:04 ரெண்டும் நோயோட சேர்ந்து வருது. தென்கிழக்கு ஆசியாவோட 27:06, சார்டினியா தீவோட 27:09 ரெண்டும் அப்படிச் சேர்றதில்ல. ஆப்பிரிக்க வம்சாவளியில பி27 இல்லாமலே நோய் வந்தவங்க நிறைய. 2007ல ஈராப்1, ஐஎல்23ஆர்னு வேற ஜீன்களும் மாட்டுச்சு.

நம்ம பக்கம்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல பிச்சப்பன் 1980கள்லேர்ந்து தமிழ்நாட்டு மக்களோட எச்.எல்.ஏ. ஜீன்களை ஆராய்ஞ்சார். பக்கத்துப் பக்கத்துல வாழற சாதிகளுக்குள்ளயே வித்தியாசம். தலைமுறை தலைமுறையா உள்ளுக்குள்ளயே கொடுத்து வாங்கினா அப்படித்தானே ஆகும்? அப்ப எந்த ஊர்க் கணக்கை வச்சு இந்தப் புள்ளையைத் தள்ளினாங்க?

நியாயத்தையும் சொல்லிடறேன். கூடப்பிறந்தவனுக்கு நோய் இருந்து, நமக்கு ஜீனும் இருந்தா வாய்ப்பு கூடத்தான். அப்பவும் பெரும்பாலானவங்களுக்கு வராது. காலைல முதுகு விறைச்சா உடனே டாக்டரைப் பாக்கணும்னு அவளுக்குத் தெரியும். அண்ணன் தொலைச்ச நாலு வருஷம் இவளுக்கு மிச்சம். அந்த ரிப்போர்ட்டுக்கு உள்ள மரியாதை அவ்வளவுதான்.

இன்னொண்ணு. மாப்பிள்ளை ரத்தத்தை நாங்க யாரும் கேக்கல. கேக்கணும்னு தோணவே இல்ல. அதை நெனைச்சாத்தான் வெக்கமா இருக்கு.