எந்தக் காலத்துத் தேர்தல்?

"அந்தக் காலத்துத் தேர்தல்தான் தேர்தல்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்காத பிள்ளை இருக்காது. எந்தக் காலம் என்பதுதான் என் கேள்வி.

அரசாங்க சபைத் தேர்தல்களில் வேட்பாளருக்கு ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. எழுத்தறியாதவரும் சீட்டை அதில் இட்டால் போதும். அழகான ஏற்பாடுதான். ஆனால் சீட்டைப் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வந்து வெளியே விற்றால் யாருக்குத் தெரியும்? 1947இல் சின்னங்கள் வந்தது நல்லதே. அதற்கும் முன், 1931இல் ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் ஊர்காவற்றுறை உட்பட வடக்கின் நான்கு தொகுதிகளில் பெட்டியே வைக்கப்படவில்லை. 1934 வரை அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. இதற்குமா ஏக்கம்?

நான் ஏங்குவது வேறொன்றுக்கு. அன்று ஊர்காவற்றுறைக்கென்று ஓர் உறுப்பினர் இருந்தார். 1936இல் அங்கிருந்து தெரிவான வைத்திலிங்கம் துரைசுவாமி சபாநாயகராகவே அமர்ந்தார். 1989 முதல் விகிதாசார முறை. 2024இல் கிளிநொச்சியையும் சேர்த்த யாழ். தேர்தல் மாவட்டம் முழுவதற்கும் ஆறு பேர். நெடுந்தீவுக்குப் படகு ஓடாவிட்டால் அந்த ஆறு பேரில் யாரிடம் போய்க் கேட்பது?

ஆனாலும் பழைய முறை அப்படியே திரும்ப வேண்டாம். சிறுபான்மைக்குள் சிறுபான்மையான எங்கள் வாக்குகள் தொகுதி தொகுதியாகக் கரைந்துபோகும். 1990இல் வெளியேற்றப்பட்ட வடக்கு முஸ்லிம்கள் புத்தளத்துக் கொத்தணி வாக்களிப்பு நிலையங்களில் வரிசையில் நின்று போட்ட வாக்குகளும் மாவட்டக் கணக்கில்தான் ஒன்றுசேர்ந்தன. 2018இல் உள்ளூராட்சி சபைகளுக்கு வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை வந்தது. பாராளுமன்றத்துக்கும் அதைக் கேட்கலாம், தீவகத்துக்கு ஓர் ஆசனத்தை உறுதிசெய்து.