பாதை வந்தால் விவசாயிக்கு என்ன வரும்?

‘‘கொரியா நாட்டுத் தீவு ஒன்றில் விவசாய நிலங்களுக்கு நடுவே நடைபாதை அமைத்து, வெளியூர்க்காரர்களை நடக்க விடுகிறார்களாம். இதனால் விவசாயிக்கு வருமானமா, தொல்லையா? எங்கள் ஊரிலும் இப்படிச் செய்யலாமா என்று பேச்சு நடக்கிறது.’’

- வாசகர், தேனி மாவட்டம்.

தென்கொரியாவில் உள்ள ஜேஜுதான் அந்தத் தீவு. பாதையின் பெயர் ‘ஜேஜு ஒல்லே’. தெருவில் இருந்து வீட்டு வாசலுக்குப் போகும் ஒடுக்கமான சந்தை அங்கே ‘ஒல்லே’ என்பார்கள். அந்தத் தீவில் பிறந்த பத்திரிகையாளர் சுஹ் மியுங்-சுக், ஸ்பெயினில் உள்ள சாந்தியாகோ யாத்திரைப் பாதையில் நடந்துவிட்டு ஊர் திரும்பி, 2007-ம் ஆண்டு முதல் தடத்தைத் திறந்தார். இன்று 27 தடங்கள், மொத்தம் 437 கிலோமீட்டர். நடக்கக் கட்டணம் கிடையாது.

இதற்காகப் பெரிய சாலை போடவில்லை. ஏற்கெனவே இருந்த ஊர்ச் சந்து, தோட்டத்துப் பாதை, கடலோர ஒற்றையடிப் பாதை ஆகியவற்றை இணைத்திருக்கிறார்கள். மரக்கிளையிலும் கம்பத்திலும் கட்டிய நீலம், ஆரஞ்சு நிற நாடாக்கள்தான் வழிகாட்டி.

நடப்பவர்கள் பார்க்க வருவதில் முக்கியமானது, விவசாயிகள் அடுக்கிய கல்சுவர். ஜேஜு, எரிமலையால் உருவான தீவு. பெய்த மழை நிற்காமல் கீழே இறங்கிவிடும். அதனால் நெல் சாகுபடி மிகக் குறைவு. முன்பு பார்லியும் சிறுதானியமும் விளைந்த இடங்களில் இப்போது கமலா ஆரஞ்சு, கேரட், பூண்டு, முள்ளங்கி விளைகின்றன. உழும்போது கிடைத்த கறுப்புக் கற்களைச் சாந்து பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரப்பு கட்டினார்கள். கல் இடுக்கு வழியாகக் காற்று புகுந்து போவதால், புயலடித்தாலும் சுவர் எளிதில் சாயாது. பயிருக்கும் மண்ணுக்கும் காற்றின் வேகம் குறையும். மாடும் குதிரையும் உள்ளே வராது. இந்தச் சுவர் விவசாயத்தை, ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண்மை நிறுவனம் 2014-ம் ஆண்டு உலகப் பாரம்பர்ய வேளாண்மை முறைகளில் ஒன்றாக அங்கீகரித்தது.

சரி, வருமானம்? சுவரை வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறவரால் விவசாயிக்குக் காசு வராது. இரண்டு வழிகளில்தான் பணம் ஊருக்குள் வந்தது. ஒன்று, ‘ஹல்மாங்’ வீடுகள். ஹல்மாங் என்றால் பாட்டி. பிள்ளைகள் வெளியூர் போய்விட, காலியாகக் கிடந்த அறையை நடப்பவர்களுக்கு வாடகைக்கு விட்டு, வீட்டுச் சாப்பாடும் போட்டார்கள் வயதான பெண்கள்.

இன்னொன்று, முருங் என்ற ஊர் செய்தது. 11-வது தடம் அங்கேதான் முடிகிறது. அந்த ஊர் விவசாயிகள் சேர்ந்து, ‘முருங் அம்மாச்சி வீடு’ என்று பொருள்படும் பெயரில் அமைப்பு தொடங்கினார்கள். மாதாமாதம் அந்தந்தப் பருவத்தில் விளையும் பொருள்களைப் பெட்டியில் கட்டி, சந்தா கட்டிய குடும்பங்களுக்கு நேரடியாக அனுப்புகிறார்கள். அம்மாச்சி வீட்டில் இருந்து மூட்டை வருவதுபோல, நகரத்து வீட்டுக்கு ஜேஜுவின் விளைச்சல் போகிறது. இடையில் தரகர் இல்லை.

தொல்லையும் உண்டு. தடத்தின் பல பகுதிகள் தனியார் நிலத்தில் போகின்றன. உரிமையாளர் மறுத்த இடங்களில் பாதையைத் திருப்பிவிட வேண்டியிருந்தது. தோட்டத்தில் ஒரு பழம்கூடப் பறிக்கக் கூடாது என்பது நடப்பவர்களுக்கான முக்கிய விதி.

உங்கள் ஊரில் பேச்சு நடக்கிறது என்றால், மூன்று விஷயங்களை முதலில் முடிவு செய்யுங்கள். பாதை போகும் ஒவ்வொரு நிலத்துக்காரரிடமும் சம்மதம் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். மருந்தடிக்கும் நாளிலும் அறுவடை நாளிலும் ஆட்களைத் திருப்பிவிட மாற்றுவழி வைத்துக்கொள்ளுங்கள். பாதை முடியும் இடத்தில் யார், எதை, என்ன விலைக்கு விற்பது என்பதை, பாதை போடும் முன்பே விவசாயிகள் கூடிப் பேசுங்கள். அதைப் பேசாமல் விட்டால், பாதை ஓரத்தில் வெளியாள்தான் கடை போடுவார். நிலத்துக்காரருக்குக் குப்பை பொறுக்கும் வேலைதான் மிஞ்சும்.