"சம்பாதிச்சது அவன்தானே, வீடும் அவனுக்குத்தான்"னு சொல்லாதீங்க

இன்னிக்கு சாமி விஷயம் இல்லை, குடும்ப விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

ஒரு குடும்பத்தில் பிரிவு வந்தால் நம்ம ஆளுங்க முதலில் பேசுறது இதுதான்: "வீட்டு லோன் கட்டினது அவன். அவள் சும்மாதானே வீட்டில் இருந்தாள்? அவளுக்கு என்ன பங்கு?" ஆம்பிளைங்க மட்டும் இல்லை, வயசான அம்மாமாரும் இப்படித்தான் சொல்றாங்க.

மலேசியச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முஸ்லிம் அல்லாத நமக்கு 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் இருக்கு. முன்பு, ஒருத்தர் உழைப்பில் மட்டும் வாங்கிய சொத்தில் அவருக்கே கூடுதல் பங்கு என்று இருந்தது. அதைத் திருத்திட்டாங்க. 2018 டிசம்பர் 15 முதல், வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கிட்டதையும் கோர்ட் கணக்கில் எடுக்கணும். யார் எவ்வளவு பணம் போட்டாங்க, குடும்பத்துக்காக வாங்கின கடன், சின்னப் பிள்ளைகளின் தேவை, எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாங்க, இதெல்லாம் பார்த்து, சமமாப் பிரிக்கிற பக்கம் சாயணும்.

"அப்போ ராப்பகலா உழைச்சவன் நடுத்தெருவில் நிக்கணுமா?"ன்னு கேட்பீங்க. இல்லை. கண்ணை மூடிக்கிட்டு பாதி பாதி என்று யாரும் வெட்டுறதில்லை. அவன் கட்டின பணமும் கணக்கில் வரும்.

நான் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். மெஷின் ஓட்டுறவன் மட்டும் சரக்கை வெளியே அனுப்புறதில்லை. ஸ்டோர்காரனும் ரிப்பேர் பார்க்கிறவனும் இல்லாவிட்டால் லைன் நின்னுடும். ஒரு ஆம்பிளை ஓவர்டைம் செய்ய முடியுதுன்னா, வீட்டில் பிள்ளைக்குச் சோறு போட்டு பள்ளிக்கு அனுப்ப ஒருத்தி இருக்காள்.

எனக்குப் பெரிய கவலை, ரெண்டு பேரும் சம்மதிச்சுப் போடுற கூட்டு மனு. "சண்டை வேண்டாம்மா, கையெழுத்து போட்டுடு"ன்னு பெரியவங்களே அவசரப்படுத்துறாங்க. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சரியான ஏற்பாடு இருக்கான்னு பார்த்துத்தான் தீர்ப்பு கொடுக்கணும்னு சட்டமே சொல்லுது. பிள்ளையின் ஜீவனாம்சம்கூட 18 வயசோடு நிக்கணும்னு இல்லை, மேற்படிப்பு முடியும் வரைக்கும் கேட்கலாம். வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் மாத்துறது லேசில்லை.

அதனால் கையெழுத்துக்கு முன்னாடி ஒரு தாளில் எழுதுங்க: வீடு, கார், சேமிப்பு, கடன், முன்பணத்துக்காக அடகுக்கடைக்குப் போன நகை. ரசீதுகளைப் பத்திரமா வைங்க. வக்கீலுக்குக் காசு இல்லையா? வருமானம் குறைந்தவங்களுக்கு அரசாங்க சட்ட உதவித் துறை, ஜபாத்தான் பந்துவான் குவாமான், இருக்கு. கேட்கிறதில் வெட்கம் இல்லை.

கோயிலில் தாலி கட்டப் போற இளையவங்களுக்கும் ஒரு வார்த்தை. திருமணப் பதிவை விட்டுடாதீங்க. சட்டப்படி பதிவாளர் முன்னால் நடக்காத கல்யாணத்தை வச்சு கோர்ட்டில் பங்கு கேட்க முடியாமல் போகலாம்.

பேசித் தீர்க்கிறது நல்ல பழக்கம்தான். ஆனால் பேச உட்கார்ற பெரியவங்க, ரெண்டு பேரோட உழைப்பையும் எடை போட்டுப் பேசுங்க. ஒரு பக்கத்து உழைப்பை மறைச்சிட்டு செய்யிற சமாதானம் சமாதானமே இல்லை.

வேலும் மயிலும் துணை.