புலி வயிற்றுக் குழல்கள்



இந்த மாத இதழ் முழுக்கப் பழைய இசைக்கருவிகளும் அவற்றைப் பழுது பார்ப்பவர்களும்தான். மிருதங்கத்துக்குப் புது மூட்டுப் போடுவது, வீணைக்கு மெழுகு வைத்து மேளம் கட்டுவது, ஆர்மோனியத்தின் கிழிந்த துருத்தியை ஒட்டுவது எல்லாம் உள்ளே இருக்கின்றன. என் பக்கத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு பைப் ஆர்கன். ஓமலூரில் உட்கார்ந்துகொண்டு பைப் ஆர்கனா என்று சிரிக்காதீர்கள். இந்த ஆர்கனின் சொந்தக்காரர் ஒரு காலத்தில் நமக்கும் ராஜாவாக இருந்தவர்.

திப்பு சுல்தானைச் சொல்கிறேன். 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போகும்வரை நம் பக்கத்து வரிப்பணம் மைசூருக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 1799 மே 4ஆம் தேதி சீரங்கப்பட்டணம் விழுந்தது. அரண்மனையைக் கொள்ளையிட்டவர்கள் இசைக்கருவிகள் இருந்த அறையில் ஒரு மரப்புலியைக் கண்டார்கள். ஒரு வெள்ளைக்காரன் மல்லாந்து கிடக்க, அவன்மேல் ஏறிக் கழுத்தைக் கவ்வுகிற புலி. கிட்டத்தட்ட ஆறடி நீளம். இன்று அது லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது.

படத்தில் பார்த்தவர்கள் அதைப் பொம்மை என்றே நினைப்பார்கள். ஆனால் விலாப்புறத்தில் ஒரு கதவு உண்டு. திறந்தால் தந்தத்தில் செய்த 18 கட்டைகள். புலியின் வயிற்றுக்குள் குழல்கள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. வெளியே இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் துருத்திகள் இயங்கும். கீழே கிடப்பவனின் நெஞ்சில் தனியாக ஒரு துருத்தி. அது தொண்டைக் குழல் வழியாகக் காற்றை வாய்க்குத் தள்ள, அவன் ஓலமிடுவான். இடது கை வாயருகே ஏறி இறங்கும்போது ஓலத்தின் சுருதியும் கூடிக் குறையும். புலித் தலைக்குள் இருப்பது எடை கட்டிய இன்னொரு துருத்தி. பற்சக்கரங்கள் அதை மெல்ல மெல்ல உயர்த்திச் சட்டென்று கைவிடும். விழுகிற வேகத்தில் காற்று வெளியேற, அதுதான் உறுமல். எதிரியை அலற விட்டுவிட்டு, அதே புலியின் வயிற்றில் பாட்டும் வாசிக்கலாம் என்று யோசித்த மூளையை என்ன சொல்ல! மர வேலை நம் நாட்டுத் தச்சருடையது, உள்ளிருக்கும் இயந்திரத்தில் பிரெஞ்சுக்காரர்களின் கை இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

வங்காளத்தின் சாகர் தீவில் தளபதி ஹெக்டர் மன்றோவின் மகன் புலி தாக்கி இறந்த செய்திதான் இதற்குத் தூண்டுதல் என்றும் சொல்வார்கள். அதுவும் ஊகமே. நம் பக்கம் மன்றோ என்றதும் நினைவுக்கு வரும் தாமஸ் மன்றோ வேறு ஆள். அவர் 1792 முதல் ஏழு வருடம் இந்தப் பாரமகாலில் நிலத்தை அளந்து வரி போட்டுக்கொண்டிருந்தவர்.

1808 முதல் புலி லண்டனில் கம்பெனியின் மாளிகையில் பார்வைக்கு இருந்தது. வந்தவர்களெல்லாம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பக்கத்து நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தலைவலி. கைப்பிடி தொலைந்துபோனபோது அதீனியம் என்ற வார இதழ் சந்தோஷப்பட்டு, இனி இதைக் கண்ணால் பார்த்தால் போதும், காதால் கேட்க வேண்டாம் என்கிற தோரணையில் எழுதியது. 

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுவீச்சில் கூரை இடிந்து புலியின்மேல் விழுந்தது. மர உடல் பல நூறு துண்டுகளாகச் சிதறியது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டி, 1947இல் மறுபடியும் காட்சிக்கு வைத்துவிட்டார்கள். உள்ளேயிருக்கும் ஆர்கனை ஹென்றி வில்லிஸ் என்ற பேர்பெற்ற ஆர்கன் நிறுவனத்தார் பல பத்தாண்டுகள் கவனித்துவந்தார்கள். 1950களில் அதில் வேலை பார்த்த மூன்றாம் ஹென்றி வில்லிஸ், இந்தக் கட்டைகளை விரல் நுனியால் அல்ல, விரல் முட்டிகளால் வாசித்திருப்பார்கள் என்று கருதினார்.

உடலை ஒட்டியாயிற்று. குரல்? இயந்திர இசைக்கருவிகளை ஆராய்ந்த ஆர்தர் ஆர்ட்-ஹ்யூம் இங்கேதான் கோபப்படுகிறார். வில்லிஸுக்கு முன்னால் யாரோ ஈவிரக்கமில்லாமல் கைவைத்து, பழைய வேலைப்பாட்டில் பெரும்பகுதியைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர் கட்சி. குழல்களின் இரண்டு வரிசைகளும் ஒரே சுருதி. சேர்த்து வாசித்தால் இழையளவு விலகி நின்று, ஒலி அலையலையாக நடுங்குகிறது. கூத்து மேடையில் ஆர்மோனியப் பெட்டியின் இரட்டை ரீடுகள் தரும் அதே நடுக்கம்தான், கேட்டால் உங்களுக்கும் பிடிக்கும். திப்புவின் வேலையாட்கள் வேண்டுமென்றே வைத்த இனிமையா, பின்னால் வந்தவன் சுருதி சேர்க்கையில் பிசகியதா? பிசகாகவே இருக்கலாம் என்கிறார் அவர். பதில் சொல்லப் பழைய குரலைக் கேட்ட காது ஒன்றும் மிச்சமில்லை. உடைந்த காதையும் வாலையும் படத்தைப் பார்த்து ஒட்டிவிடலாம், மாற்றிவிட்ட சுருதிக்குப் படம் ஏது? எனக்கென்னவோ அந்த நடுக்கத்தை அப்படியே விட்டுவைத்தது நல்லது என்றுதான் படுகிறது. இன்னொரு முறை "சரி" செய்யப் போனால் மூன்றாவதாக ஒரு புலி வந்து நிற்கும்.

பைப் ஆர்கனை நேரில் கேட்க லண்டன் போக வேண்டியதில்லை. சேலத்தில் ரயிலேறினால் சென்னை. எழும்பூரில் 1821இல் திறந்த புனித ஆண்ட்ரூஸ் கிர்க்கிலும், கதீட்ரல் சாலையில் புனித ஜார்ஜ் பேராலயத்திலும் குழல் ஆர்கன்கள் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனைக்குப் போய் முன்வரிசையில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள். ஆழ்ந்த சுரங்களைக் காது கேட்பதற்குள் பெஞ்சுப் பலகை உணர்ந்துவிடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், பஜனை மடத்தில், கூத்து வாத்தியாரிடம், ஊர்த் தேவாலயத்தில் பழைய ஆர்மோனியமோ மிதி ஆர்கனோ இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். பழுது பார்க்கக் கொடுப்பதாக இருந்தால், கொடுப்பதற்கு முந்தின நாள் அதன் ஒவ்வொரு கட்டையையும் அழுத்திக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். கரகரத்தாலும், காற்று ஒழுகினாலும், சில கட்டைகள் ஊமையாக இருந்தாலும் பரவாயில்லை. வேலை முடிந்து வந்தபின் மறுபடி ஒரு பதிவு. இரண்டையும் எங்களுக்கு அனுப்பினால், பழுது பார்ப்பவர் ஒருவரைக் கேட்கவைத்து அவர் சொல்வதை அடுத்த இதழில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்