குரலும் ஒரு பெயர்ப்பலகையே

தரிப்பிடத்தில் நிற்கும் பயணி தமக்குரிய பஸ்ஸைப் பெயர்ப்பலகையைப் பார்த்தே அறிந்துகொள்கிறார். இறங்க வேண்டிய இடத்தையும் யன்னலூடாகப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். இவ்விரண்டும் இயலாத விழிப்புலனற்றோர் சக பயணிகளின் தயவையே நம்பியிருக்க வேண்டியுள்ளது. 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, பார்ப்பதில் ஏதோவொரு வகையில் சிரமமுடையோர் சுமார் 10 இலட்சம் பேராவர். இது அலட்சியப்படுத்தக்கூடிய தொகையன்று.

நாட்டில் சட்டங்கள் இல்லாமலில்லை. வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் நிறைவேற்றப்பட்டது. அணுகும் வசதி தொடர்பான ஒழுங்குவிதிகள் 2006 இல் வெளியாகின. பொதுக் கட்டடங்கள் குறித்து உச்ச நீதிமன்றமும் 2011 இல் கட்டளை பிறப்பித்தது. ஆயினும் அக்கறை யாவும் பெரும்பாலும் கட்டடங்களின் வாயிற்படியோடு நின்றுவிட்டது. இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. சமவாயத்தின் 9 ஆவது உறுப்புரையோ போக்குவரத்தையும் தகவலையும் வெளிப்படையாகவே குறிப்பிடுகின்றது. கட்டடத்தின் வாயில் திறந்திருந்தாலும் அங்கு போய்ச்சேர வழியில்லையெனின் பயனென்ன?

பஸ் செல்லும் இடத்தையும் அடுத்த தரிப்பிடத்தையும் ஒலியாகவும் எழுத்தாகவும் அறிவிக்க வேண்டுமெனப் பிரித்தானியா 2023 இல் ஒழுங்குவிதிகளை இயற்றிக் கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தி வருகின்றது. அத்தகைய கருவிகளுக்கு இங்கு நிதியில்லை எனக் கூறப்படலாம். ஆனால், நடத்துநரின் குரலுக்குச் செலவேதுமில்லை. பயணிகளைச் சேர்ப்பதற்காக ஊர்ப்பெயர்களை உரத்துக் கூவும் அதே குரல், பயணிகளை உரிய இடத்தில் இறக்குவதற்காகவும் ஒலிப்பது கடினமானதன்று.

இதனை நடத்துநரின் நல்லெண்ணத்திற்கு விட்டுவிடாது கடமையாக்க வேண்டும். மாகாணங்களுக்கிடையிலான தனியார் பஸ்களுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும், மாகாணங்களுக்குள் ஓடுபவற்றுக்கு மாகாண அதிகாரசபைகளும் வழங்கும் அனுமதிப்பத்திரங்களில் இதனை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கலாம். இலங்கைப் போக்குவரத்துச் சபை தனது ஊழியர்களுக்குப் பணிப்புரை வழங்கி முன்மாதிரியாகத் திகழலாம். வெண்பிரம்புடன் நிற்பவரைக் கண்டால் பஸ்ஸை முற்றாக நிறுத்தி, செல்லுமிடத்தைக் கூற வேண்டியதும் அக்கடமையில் அடங்க வேண்டும்.

மற்றுமொன்றையும் நாம் வலியுறுத்த விரும்புகிறோம். அறிவிப்பு சிங்களத்திலும் தமிழிலும் அமைய வேண்டும். பார்வையுள்ளவர் புரியாத மொழிப் பலகையைக் கண்டாலும் இலக்கத்தைக் கொண்டாவது சமாளித்துக்கொள்வார். பார்வையற்ற தமிழ்பேசும் பயணிக்கோ அக்குரலே பெயர்ப்பலகை. அது அவருக்குப் புரியாத மொழியில் மாத்திரம் ஒலிக்குமாயின், அவர் இருமடங்கு இருளிலேயே விடப்படுவார்.

விழிப்புலனற்றோர் கோருவது இரக்கத்தையல்ல. கட்டணம் செலுத்தும் ஏனைய பயணிகளுக்குக் கிடைக்கும் தகவல் தமக்கும் கிடைக்க வேண்டுமென்பதையே அவர்கள் கேட்கின்றனர். சம்பந்தப்பட்டோர் இனியும் தாமதியாது இதில் கவனஞ்செலுத்த வேண்டும்.