கலை வகுப்பைக் கடன் வாங்காதீர்கள்

படிவம் நான்கில் மாணவர்களை அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று பிரித்துவைக்கும் முறையைக் கல்வியமைச்சு 2020ஆம் ஆண்டில் கைவிட்டது. ஆனாலும் பாயான் பாருவில் "பிள்ளை சயன்ஸா, ஆர்ட்ஸா?" என்று கேட்பது நிற்கவில்லை. கேட்பவர்களைக் குறைசொல்ல முடியாது. பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய சுதந்திர வர்த்தக மண்டலம்தான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அறுபது விழுக்காட்டினர் அறிவியல், நாற்பது விழுக்காட்டினர் கலை என்ற இலக்கை அரசாங்கமும் 1970 முதல் வைத்திருக்கிறது. அது இன்றுவரை எட்டப்படவில்லை என்பது வேறு கதை.

கலையும் அறிவியலும் ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியர் குழுவால் கற்பிக்கப்பட வேண்டும் என்பதே இவ்வட்டாரத் தமிழ்ப் பெற்றோர் அமைப்பின் நிலைப்பாடு. அறிவியல் கண்காட்சிக்குச் சுவரொட்டி வரையவைப்பதை ஒருங்கிணைப்பு என்று நாங்கள் ஏற்கவில்லை. அது அலங்காரம் மட்டுமே.

தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் உறுமி அடிக்கும் பையன்களைப் பாருங்கள். வளைந்த குச்சி தோலில் உரசும்போது தோல் அதைப் பிடித்துப் பிடித்து விடுகிறது. அந்த அதிர்வுதான் உறுமல். தோலின் இழுவிசை மாறினால் ஒலியும் மாறும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். அதே பையன்கள் படிவம் 4 இயற்பியலில் 'அலைகள்' பாடத்துக்கு வந்ததும் ஒத்ததிர்வை மனப்பாடம் செய்கிறார்கள். இசையாசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து உறுமியை வைத்து இரண்டு பாடவேளை நடத்தினால், மெதுவாகப் படிப்பவன் என்று பெயர்வாங்கிய பிள்ளைகூட அங்கே முன்வரிசைக்கு வந்துவிடுவான்.

இதற்கு முன்மாதிரி தேடி வெளிநாடு போக வேண்டாம். 1969இல் தொடங்கிய நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், துறைச்சுவர்களைத் தாண்டி மாணவர்கள் படிக்க வழிசெய்தது. 2027 பாடத்திட்டத்தில் தொடக்க ஆண்டுகளுக்கு அறிவியலையும் கலையையும் இணைத்துக் கற்பிக்கப்போவதாக அமைச்சும் அறிவித்திருக்கிறது. அதை வரவேற்கிறோம். ஆனால் இந்த இணைப்பு இடைநிலைப்பள்ளி வாசலில் அறுந்துவிடக் கூடாது.

தமிழ் இலக்கியத்தின் நிலை தனிக்கவலை. எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகச் சுருக்க 2009இல் முடிவானபோது நம் சமூகம் குரல் கொடுத்துத்தான் பன்னிரண்டுவரை எழுத வழி பிறந்தது. அப்படிப் பெற்ற இடத்தை, அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு இலக்கியம் எதற்கு என்று நாமே காலிசெய்வது சரியல்ல. ஒரு பள்ளியில் போதிய மாணவர் இல்லாவிட்டால் அக்கம்பக்கப் பள்ளிகள் சேர்ந்து சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தலாம். அதற்கு மாநிலக் கல்வி இலாகா அனுமதி தர வேண்டும்.

தேர்வு நெருங்கினால் ஓவிய, இசை வகுப்புகளைக் கணிதத்துக்குக் கடன் வாங்கும் வழக்கத்தைத் தலைமையாசிரியர்கள் நிறுத்த வேண்டும். வாங்கிய வகுப்பு திரும்பி வந்ததே இல்லை. பெற்றோர்களே, படிவம் நான்குக்கான பாடத்தேர்வுத் தாள் வீட்டுக்கு வரும்போது கையொப்பம் போடுமுன் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.