செருப்புத் தைத்தவன் மகன்

உக்ரேனிய மொழியில் 'ஷ்வெட்ஸ்' என்றால் செருப்புத் தைப்பவன். 'என்கோ' மகனைக் குறிக்கும் விகுதி. ஆக, ஷெவ்சென்கோ என்றால் செருப்புத் தைத்தவன் மகன். கொல்லன் மகன் கோவலென்கோ, குயவன் மகன் ஹொன்சரென்கோ.

1814இல் பண்ணையடிமையாய்ப் பிறந்தவன் கவிஞன் தராஸ் ஷெவ்சென்கோ. எந்தத் தலைமுறைத் தொழிலோ, பெயர் மட்டும் ஒட்டிக்கிச்சு. 1838இல் ஓர் ஓவியத்தைக் குலுக்கலில் விட்டு, 2500 ரூபிள் கொடுத்து அவனை மீட்டார்கள். ஆமாம், மனுசனுக்கு விலை! விடுதலையான பின்னும் அவன் பெயரை மாற்றவில்லை. 1847இல் ஜார் நாடுகடத்தினான். எழுதக்கூடாது, வரையக்கூடாது என்றான். 1939இல் கீவ் பல்கலைக்கழகத்துக்கே அந்தப் பெயரை வைத்தார்கள்.

பண்ணையடிமைத்தனமும் சாதியும் ஒன்றல்ல. அங்கே தோல் தொட்டவன் தீட்டாகவில்லை. இங்கே அதே தொழிலின் பெயர் வசைச்சொல். பெயரை மாத்திக்கோ என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்களே, அதை வசையாக்கினது யாரு?